கிளச் கம்பியும் ஒரு கரண்டி எண்ணெயும்

சனிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்து நீராடுவது தமிழ்க் குடும்பங்களின் பழைய வழக்கம். எமது வீட்டிலோ மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கும் எண்ணெய் முழுக்கு நடைபெறுகிறது. முழு வண்டிக்கும் அன்று. அதன் கைப்பிடிகளிலிருந்து புறப்பட்டு எஞ்சினுக்கும் சில்லுக்கும் ஓடுகின்ற கறுத்த கேபிள்களுக்கு மட்டும். முதன்முறை இதைக் கண்ட அயலவர் நகைத்தனர். "வாத்தியார் வண்டிக்குத் தீபாவளி கொண்டாடுகிறார்" என்று லயத்துப் பிள்ளைகளும் ஒரு கதை கட்டிவிட்டனர். நாமும் அவர்களோடு சேர்ந்து நகைத்தோம். ஆயினும் இந்த வழக்கம் எம்மை வந்தடைந்த கதை நகைப்பில் தொடங்கியதன்று. அதைச் சற்று வெட்கத்தோடுதான் சொல்லவேண்டியிருக்கிறது.

நாம் வசிப்பது லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். பிறந்ததும் அங்கேதான். எமது தந்தையார் அத்தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தொழிற்சாலை என்று நாம் எழுதினாலும் தோட்டத்து மக்கள் நாவில் அது என்றும் 'ஸ்டோர்'தான். கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரங்களுக்கும் அவற்றைச் சுழற்றும் தண்டுகளுக்கும் காலந்தவறாமல் எண்ணெய் விடுவது அவருடைய பணிகளுள் ஒன்று. நீண்ட மூக்குடைய எண்ணெய்க் குப்பி ஒரு கையில், பழந்துணி ஒரு கையில். எண்ணெய் விட்ட இடத்தை உடனே துடைத்துவிடுவார். ஒரு துளி கொழுந்தில் விழுந்தாலும் அந்தத் தேயிலை கெட்டுவிடும் அல்லவா? "மெஷின் சத்தம் போட்டுக் கேக்குறதுக்கு முந்தியே எண்ணெய் குடுத்துரணும். கேட்டப்புறம் குடுத்தா அது எண்ணெய் இல்ல, மருந்து" என்பது அவர் அடிக்கடி கூறும் வாசகம். நாம் அதை நூறு தடவை கேட்டிருக்கிறோம். கேட்டதோடு சரி.

அந்த மனிதருடைய மகன் படித்து ஆசிரியனாகி, ஒரு மோட்டார் சைக்கிளும் வாங்கி, அதன் கிளச் கேபிளுக்கு ஒன்பது ஆண்டுகளாக ஒரு துளி எண்ணெய்கூட விடாமல் ஓட்டினான் என்பதே இக்கட்டுரையின் முற்பகுதி.

பரீட்சை நாள்

2023-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் தொடங்கிய சாதாரண தரப் பரீட்சைக்கு எமது மருமகளும் தோற்றினாள். எமது தமக்கையாரின் மகள். தமக்கையார் கொழுந்து கொய்பவர். கணவரை இழந்தபின் அந்த ஒரு பிள்ளையைக் கொழுந்துக் கூடையின் வருவாயிலேயே படிக்கவைத்தவர். பிள்ளை அட்டனிலுள்ள ஒரு பாடசாலையில் பயின்றாள். நாள்தோறும் பேருந்திற் செல்வாள். பரீட்சையின் ஒரு நாள் காலை, வழக்கமாக வரும் பேருந்து வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. தமக்கையார் வீதியோரத்திலிருந்தே எமக்குத் தொலைபேசியிற் பேசினார். "தம்பி, நீ கொண்டுபோய் விட்டுர்றியா?" அவ்வளவுதான். நாம் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்த காலம். அவிசாவளையிலிருந்து அட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு வரும் ஏ7 வீதியை அறிந்தவர்களுக்கு அதன் இயல்பு தெரியும். பத்து அடி நேராகச் சென்றால் பதினோராவது அடியில் அது திரும்பும். ஒவ்வொரு திருப்பத்திலும் கியரைக் குறைக்கவேண்டும், திரும்பியதும் கூட்டவேண்டும். கியரைத் தொடும்போதெல்லாம் இடக்கை கிளச்சைப் பிடிக்கவேண்டும். பிற்காலத்தில் ஒரு நாள், தலவாக்கலையிலிருந்து அட்டன் வரை கிளச்சை எத்தனை முறை பிடிக்கிறோம் என்று எண்ணத் தொடங்கினோம். நூறைத் தாண்டியதும் எண்ணிக்கையைக் கைவிட்டோம். நேர்வீதியில் ஓடும் வண்டியின் கிளச் கேபிள் ஒரு வாரத்தில் செய்யும் வேலையை மலைநாட்டு வண்டியின் கேபிள் ஒரு காலைப்பொழுதில் செய்துவிடும் போலும்.

தலவாக்கலையைக் கடந்து, டெவன் நீர்வீழ்ச்சியை நோக்கி ஓர் ஏற்றத்தில் சென்றுகொண்டிருந்தோம். பனிமூட்டத்தில் நீர்வீழ்ச்சியின் ஓசை கேட்டதேயன்றி உருவம் தெரியவில்லை. வளைவொன்றில் கியரைக் குறைக்கக் கிளச்சை இழுத்தோம். 'டக்' என்று ஓர் ஒலி. லீவர் எதையும் இழுக்காமல் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. வண்டி இரண்டு முறை உதறி நின்றுவிட்டது.

பின்னாலிருந்த பிள்ளை ஒன்றும் பேசவில்லை. இறங்கி நின்று, பரீட்சை அனுமதி அட்டையைப் பொதிந்திருந்த பொலித்தீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எம்மைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நாம் இன்றும் மறக்கவில்லை. அதிற் கோபமில்லை. "மாமா எப்படியும் ஏதாவது செய்துவிடுவார்" என்ற நம்பிக்கைதான் இருந்தது. எம்மிடமோ ஒரு குறடுகூட இல்லை.

அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து ஓர் இசை கேட்டது. பீத்தோவன் என்னும் ஜெர்மானிய இசைமேதை பியானோவுக்காக இயற்றிய இசையொன்று, எமது நாட்டில் பாண் விற்கும் முச்சக்கர வண்டிகளின் அறிவிப்பொலியாக மாறியிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். பாண்கார அண்ணர் எதிர்த்திசையில், தோட்டப்பக்கம் வியாபாரத்துக்காக வந்துகொண்டிருந்தார். சிங்களவர். எமது நிலையை விளக்க நாம் மூன்று வாக்கியம் பேசவேண்டியிருக்கவில்லை. பிள்ளையின் வெள்ளைச் சீருடையையும் கையிலிருந்த பையையும் பார்த்தார். "நங்கி, ஏறுங்க" என்றார். வண்டியைத் திருப்பினார். பின்னாலிருந்த கண்ணாடிப் பெட்டி நிறைய விற்காத பாண். முன்னால் அவருடைய ஆசனத்தோடு ஒட்டியபடி எமது மருமகள். பரீட்சை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மண்டபவாசலில் அவளை இறக்கிவிட்டாராம். அன்று பரீட்சை எழுதி முடிக்கும் வரை சட்டையெல்லாம் பாண் வாசம் வீசியது என்று அவள் பின்பு கூறினாள்.

காலை வியாபாரம் போய்விட்ட அந்த மனிதருக்கு மறுநாள் பணம் கொடுக்கச் சென்றோம். அவர் வாங்கவில்லை. எட்டு இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டு திரும்பினோம். மூன்று நாட்கள் எமது வீட்டில் வேறு உணவு சமைக்கப்படவில்லை.

கராஜில் கேட்ட வார்த்தை

வண்டியை நியூட்ரலில் இயக்கி, வந்த வழியே இறக்கத்தில் உருளவிட்டு, கியரைக் காலால் தட்டி, கிளச் இல்லாமலே அருகிலிருந்த கடைத்தெருவின் கராஜுக்குக் கொண்டுசேர்த்தோம். அவ்விதம் ஓட்டுவது ஆபத்தானது, வேறெவரும் பின்பற்றத்தக்கதன்று.

கராஜ் பாஸ் அறுந்த கம்பியை வெளியே இழுத்து எமது உள்ளங்கையில் வைத்தார். "சேர், இது இன்னைக்கி அறுந்தது இல்லீங்க. ஒவ்வொரு இழையா ரொம்ப நாளாவே அறுந்துக்கிட்டு வந்திருக்கு. கடைசி இழைதான் இன்னைக்கி" என்றார்.

உற்றுநோக்கினோம். அவர் சொன்னது மெய். ஒரே கம்பி என்று நாம் எண்ணியிருந்தது பல மெல்லிய எஃகு இழைகளை ஒன்றாக முறுக்கிய வடம். அவற்றுட் பெரும்பாலானவற்றின் முனைகள் செம்பழுப்பாகத் துருவேறியிருந்தன. அவை பழைய முறிவுகள். இரண்டு மூன்று இழைகள் மட்டும் வெள்ளிபோல் மின்னின. அவைதாம் அன்று காலை எம்மையும் எமது மருமகளையும் அந்த ஏற்றத்தில் சுமந்தவை. எண்ணிப் பார்க்க உடல் சிலிர்த்தது. மாதக்கணக்காகக் கிளச் கடினமாகிக்கொண்டே வந்தது எமக்குத் தெரியும். "வயதாகிறது, கை தளர்கிறது" என்று எமது கையைக் குறைகூறினோமேயன்றி, கேபிளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இயந்திரம் சத்தம் போட்டுக் கேட்டது. எமது செவிதான் மந்தமாயிற்று.

துருவின் வரலாற்றையும் பாஸ் ஊகித்துச் சொன்னார். 2022-ஆம் ஆண்டு நாட்டில் பெற்றோல் அருகிப்போன காலத்தை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. அதற்கு முன் வாரக்கணக்கில் எமது வண்டி தகரக் கொட்டிலில் அசையாமல் நின்றது. சாரல் அடிக்கும் கொட்டில். மேல்முனை வழியே இறங்கிய நீர் கேபிளின் வளைவுகளில் தேங்கிக் கிடந்து, உள்ளிருந்த கம்பியைத் தின்றிருக்கிறது. ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டிக்கே துரு அதிகம் என்பதை அன்று அறிந்தோம்.

புதிய வண்டி வாங்கிவிடலாம் என்று கூறுவதற்கும் அன்று வழியில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய மோட்டார் சைக்கிளும் தங்கத்தின் விலை பேசிற்று. உள்ளதைப் பேணிக்கொள்வதே அறிவுடைமை என்பது எம் போன்றோருக்கு வறுமை கற்பித்த பாடம்.

உறைக்குள் ஓடும் கம்பி

இந்தக் கேபிளின் பிறப்பு வரலாறும் சுவையானதே. எர்னஸ்ட் மொனிங்டன் பௌடன் என்பவர் 1896-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இதற்கு உரிமைக்காப்புப் பெற்றார். அதனால் உலகெங்கும் பொறியியலாளர் இதைப் 'பௌடன் கேபிள்' என்றே வழங்குவர். அதற்கு முன் ஓரிடத்து அசைவை இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால், நேரான கோல்களையும் மூட்டுகளையும் கப்பிகளையுமே நம்பவேண்டியிருந்தது. பௌடன் செய்தது எளிது. நெகிழக்கூடிய, ஆயினும் நீளத்தில் நசுங்காத சுருட்கம்பி உறையொன்றுக்குள் ஒரு வடத்தை ஓடவிட்டார். உறை தள்ளுவதைத் தாங்கும். உள்வடம் இழுப்பதைத் தாங்கும். எப்படி வளைத்தாலும் கை இழுத்த இழுவை மறுமுனைக்குச் சென்றுவிடும். சைக்கிள் பிரேக்கிற் புகழ்பெற்று, மோட்டார் சைக்கிளுக்கும் வந்து, இன்றுவரை நிலைத்து நிற்கிறது.

வளைத்தாலும் செல்லும் என்றோம். ஆனால் ஒவ்வொரு வளைவும் ஒரு வரி அறவிடுகிறது. இதை எமக்கு விளக்கியவள் எமது மருமகளேதான். பரீட்சையில் நன்கு சித்தியடைந்து, உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவில் அவள் சேர்ந்த காலம். ஒரு சனிக்கிழமை நாம் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது, பழைய செய்தித்தாளின் ஓரத்தில் கணக்கொன்று போட்டாள். வளைந்த பரப்பின்மீது இழுக்கப்படும் கயிற்றின் உராய்வு, வளைவின் மொத்தக் கோணத்தோடு பெருக்கலாக ஏறுகிறது என்பது ஒய்லர் என்னும் சுவிஸ் நாட்டுக் கணித அறிஞர் கண்ட சூத்திரம். கேபிளின் வளைவுகள் எல்லாம் சேர்ந்து 180 பாகை என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையில் 100 பங்கு இழுவை வேண்டும். உராய்வுக் குணகம் 0.1 ஆனால் கை 137 பங்கு இழுக்கவேண்டும். துருவேறிக் குணகம் 0.3 ஆகிவிட்டால் 257 பங்கு இழுக்கவேண்டும்! ஏறக்குறைய இருமடங்கு. அந்த மிகைச்சுமை முழுவதையும் கம்பியின் மேல்முனை தாங்குகிறது. உராய்வு தின்றதுபோக எஞ்சியதே கிளச்சுக்குப் போய்ச் சேருகிறது.

"மாமா, ரோட்டுல வளைவு கூடினா பெற்றோல் கூடுது, கேபிள்ல வளைவு கூடினா கைவலி கூடுது" என்றாள். கணக்கில் எமக்குப் புரியாதது அந்த ஒரு வாக்கியத்தில் புரிந்தது.

தேங்காயெண்ணெய் கற்பித்த பாடம்

புதிய கேபிள் போட்டபின் எமக்கு ஒரு வேகம் பிறந்தது. மாதந்தவறாமல் எண்ணெய் விடுவது என்று சபதம் செய்தோம். வீட்டில் எந்த எண்ணெய் இருந்தது? தேங்காயெண்ணெய். தலைக்கு நல்லது தகரத்துக்கு ஆகாதா என்று அதையே கேபிளுக்குள் ஊற்றிவிட்டோம். அன்று பகல் வெயில். கிளச் வெண்ணெய்போல் இழுபட்டது. எமது அறிவை நாமே மெச்சிக்கொண்டோம்.

மறுநாள் விடியற்காலை குளிர். லீவரை இழுத்தால் தயங்கித் தயங்கி வருகிறது. விட்டால் சோம்பேறிபோல் மெல்லத் திரும்புகிறது. காரணம் புரியாமல் நின்றோம். மனைவியார் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "தலைக்கு வைக்கிறதுக்கே போத்தலை அடுப்புக்கிட்ட வைச்சு உருக்குறோம். நீங்க அதைக் கம்பிக்குள்ள ஊத்தியிருக்கீங்களே" என்றார். எவ்வளவு உண்மை! தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகையளவில்தான். தை, மாசியில் சில விடியல்களில் புல்மேல் உறைபனி படியும் நாடு இது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பெரும்பாலான நாட்களில் எண்ணெயாக இருப்பது இங்கே மெழுகாகிவிடுகிறது. அன்றியும் சமையல் எண்ணெய்கள் எவையாயினும் நாளடைவில் பிசுபிசுத்துப் பசையாகும். கேபிளுக்கு உகந்தது தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெய், அல்லது புதிய எஞ்சின் எண்ணெய். எஞ்சினிலிருந்து வடித்த கரிய எண்ணெயை விடுவாரும் உளர். அதிலுள்ள கரியும் உலோகத் துகளும் அரம்போல் கம்பியைத் தேய்க்கும்.

எண்ணெய் விடும் முறை

இனி, இதைத் தாமே செய்ய விரும்பும் வாசகர்களுக்காக முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். எஞ்சின் நின்று ஆறியிருக்கவேண்டும். கிளச் லீவருக்கு அருகிலுள்ள சரிசெய் திருகை உள்ளே முழுதும் திருகித் தளர்த்துக. அத்திருகிலும் அதன் பூட்டு வளையத்திலும் லீவரிலும் ஒவ்வொரு வெட்டு இருக்கும். மூன்றையும் ஒரே நேரில் கொண்டுவந்தால் கம்பி அவ்வழியே நழுவி வெளிவரும். கம்பியின் நுனியிலுள்ள உலோகக் குமிழை லீவரின் குழியிலிருந்து கழற்றலாம். வெளிவந்த கம்பியைத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் குமிழின் அடியைப் பார்க்கவேண்டும். ஓர் இழையேனும் அறுந்திருந்தால் எண்ணெயால் பயனில்லை, கேபிளையே மாற்றிவிடவேண்டும். இவ்விடத்திற் சிக்கனம் கூடாது.

இழைகள் குறைவின்றி இருந்தால், சிறிய பொலித்தீன் பையின் ஒரு மூலையை வெட்டி, கேபிள் உறையின் மேல்முனையில் மாட்டி, நூலாலோ றப்பராலோ இறுகக் கட்டுக. கம்பியின் நுனி பைக்குள் நிற்கவேண்டும். பையின் வாயை நிமிர்த்திக் கட்டிவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுக. கீழ்முனைக்கடியில் பழைய செய்தித்தாள். கம்பியை மேலும் கீழும் அசைத்துக் கொடுத்தால் எண்ணெய் சுருளோடு சுருளாக இறங்கும். அவசரப்படலாகாது. இரவு முழுவதும் விட்டுவிடுவது நன்று. காலையில் கீழ்முனையில் எண்ணெய் கசிந்தால் வேலை முடிந்தது. எமது கேபிளில் முதன்முறை வடிந்தது தேநீர் நிறம். அடுத்த முறை வெளிர்மஞ்சள். எண்ணெய் தெளிவாக வரும்வரை விடுவது நல்ல அடையாளம்.

குமிழுக்கும் அது உட்காரும் குழிக்கும் சிறிது கிறீஸ் தடவுவதை மறக்கலாகாது. லீவரை இழுக்கும்போது குமிழ் குழிக்குள் சுழலவேண்டும். அது உலர்ந்து இறுகிவிட்டால் கம்பி அவ்விடத்தில் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்ந்து களைக்கும். எமது கம்பி அறுந்ததும் சரியாக அந்த இடத்தில்தான். எல்லாம் பூட்டியபின் லீவரின் நுனியிற் சிறிது தளர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பல சிறு வண்டிகளுக்கு இது 10 முதல் 20 மில்லிமீற்றர். உங்கள் வண்டியின் கைந்நூல் கூறும் அளவே முடிவானது.

எச்சரிக்கைகள் நான்கு. முதலாவது, சில புதிய கேபிள்களின் உறைக்குள் வழுக்கும் பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அவற்றுக்குக் கிறீஸோ கனத்த எண்ணெயோ ஆகாது. கைந்நூலைப் பார்த்தே செய்க. இரண்டாவது, முன்பிரேக் கேபிளுக்கு எண்ணெய் விட்டால் அதன் கீழ்முனையைச் சில்லிலிருந்து கழற்றி அப்பாற் பிடித்துக்கொள்க. பிரேக் கட்டையில் எண்ணெய் பட்டால் மலையிறக்கத்தில் உயிருக்கே உலை. மூன்றாவது, வேகமானியின் கேபிள் இழுப்பதன்று, சுழல்வது. அதன் கீழ்ப்பகுதிக்கு மட்டும் இலேசாகக் கிறீஸ் போதும். மேலே எண்ணெய் விட்டால் மானிக்குள் ஏறிவிடும். நான்காவது, அக்சிலேட்டர் கேபிளைத் தொட்டபின் கைப்பிடியைத் திருகிவிட்டுப் பாருங்கள். அது தானாகவே 'டக்'கென்று மூடவேண்டும். எஞ்சின் ஓடுகையில் முன்சில்லை இருபுறமும் முழுதாகத் திருப்பினாலும் எஞ்சினின் வேகம் ஏறலாகாது. ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்பது பொருள்; அதைச் சரிசெய்யாமல் வீதிக்கு வரவேண்டாம்.

மலைநாட்டு மழைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது எமது கணக்கு. எப்படியாயினும் வைகாசி மழைக்கு முன் ஒருமுறையும், ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும் தவறலாகாது. வண்டி நீண்டநாள் நிற்கப்போகிறது என்று தெரிந்தால், நிறுத்துவதற்கு முன் ஒருமுறை.

சனிக்கிழமை மாலை

செலவு? ஒரு கரண்டி எண்ணெய். காலம்? அரை மணி. அன்று அறுந்தது ஒரு கம்பி. ஆனால் அதிலே தொங்கிக்கொண்டிருந்தது எமது தமக்கையார் பத்து ஆண்டுகள் கொய்த கொழுந்தின் பயன். அந்தப் பிள்ளை பரீட்சை மண்டபத்தைச் சென்றடைந்தது எமது கெட்டித்தனத்தால் அன்று. வழிப்போக்கர் ஒருவரின் நல்ல மனத்தால். பிறருடைய நல்ல மனத்தை நம்பி நமது கடமையை விட்டுவைத்தல் தகுமா? இந்தக் கேள்விதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் எம்மை எண்ணெய்க் குப்பியை எடுக்கவைக்கிறது. குப்பி எமது தந்தையாருடையது. அவர் மறைந்தபின் பரணில் கிடந்ததைத் தேடி எடுத்தோம். நீண்ட மூக்கு சற்று நசுங்கியிருக்கிறது. ஆயினும் ஒரு துளி விடு என்றால் ஒரு துளிதான் விடும்.

இப்போது எமது வீட்டு எண்ணெய் நாளுக்கு விருந்தாளி ஒருவரும் வருகிறார். முச்சக்கர வண்டிக்கும் கிளச் கேபிள் உண்டு. அக்சிலேட்டர் கேபிள் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் கியரை மாற்றுவதும் கேபிள்களே. பாண்கார அண்ணர் காலை முதல் தோட்டந்தோட்டமாக ஏறி இறங்குபவர். எமது கேபிள் நூறு முறை இழுபட்டால் அவருடையது ஆயிரம் முறை. பணம் வாங்க மறுத்தவர் எண்ணெய் விட்டுத்தர மறுக்கவில்லை. மாலை வியாபாரம் முடிந்ததும் அந்தப் பியானோ இசை எமது படலையடியில் வந்து நிற்கும். எமது மருமகள் பொலித்தீன் பையும் நூலுமாக ஓடிவருவாள். அவளுக்கு அந்த வேலை எம்மைவிட நன்றாக வருகிறது. கேபிளின் கீழ்முனையில் முதல்துளி வடியும்போது, "அய்யே, வந்துட்டுது!" என்பாள்.

சென்ற முறை அவர் புறப்படும்போது லீவரை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து, மிஞ்சியிருந்த ஓர் இறாத்தல் பாணை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தார். நாமும் ஒன்றும் சொல்லவில்லை. மனைவியார் தேநீர் ஊற்றினார்.